பூச்சி அரிக்காத பொன்னாடைகள்

பிப்ரவரி 3, வெள்ளி

என் தங்கை குழல்வாய்மொழி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். தென்காசியில் தபால் ஆபீஸ் வேலை. கல்யாணமே வேண்டாம் என்று தனியாக இருந்துவிட்டவள். காலையில் ஆபீஸுக்குப் போகிற வழியில் சேலைத் தலைப்பு பின்சக்கரத்தில் சிக்கியிருக்கிறது. பாலியஸ்டர் ஜார்ஜெட். வண்டி ஓட்டும்போது அதைக் கட்டாதே என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! பழைய பருத்திச் சேலையாக இருந்திருந்தால் டர்ரென்று கிழிந்திருக்கும், ஆள் தப்பித்திருப்பாள். பாலியஸ்டர் கிழியவில்லை. எலும்புதான் முறிந்தது.

அரசுப் பெண்கள் பள்ளியில் நான் இயற்கை இழைகளும் செயற்கை இழைகளும் நடத்தியே ஓய்வு பெற்றவள். ஊரில் பாதிப் பெண்களுக்கு அந்தப் பாடம் தெரியும். கூடப் பிறந்தவளுக்கு மட்டும் ஏறவில்லை.

பிப்ரவரி 4, சனி

தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். திங்கட்கிழமை ஆபரேஷன், உள்ளே பிளேட் வைப்பார்களாம். அதற்குப் பிறகு ஒன்றரை மாதத்துக்கு மேல் காலைத் தரையில் ஊன்றவே கூடாது.

"இங்கருந்து எங்க போவ?" என்றேன்.

"ஹோமுக்கு. மதுரையில ஒண்ணு இருக்காம். நல்லா பாத்துக்கிடுவாங்களாம்."

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

"உன் வீட்ல எனக்கு எங்கக்கா இடம்? மஞ்சக்காமாலை வந்தப்ப ஹால்ல போட்ட. அத்தானைப் பாக்க வந்தவன் பூரா என் கால்மாட்டுல உக்காந்து காப்பி குடிச்சான். ஒருத்தன் என் போர்வையிலயே கையத் தொடச்சான். கதவு இருக்கிற ரூம் குடு, வாரேன். இல்லன்னா ஹோம்தான்."

வலியிலும் இப்படிப் பேசுகிறவளை ஹோமில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? எனக்கு அவளைத் தவிர யார் இருக்கிறார்கள்? நான்தான் அவளைப் பார்த்துக்கொள்வேன். ரூமும் இருக்கிறது, கதவும் இருக்கிறது. உள்ளே நுழையத்தான் முடியாது.

பிப்ரவரி 5, ஞாயிறு

அந்த ரூமைப் பற்றி எழுதினால் என் வீட்டுக்காரரைப் பற்றி எழுத வேண்டும். ஆவுடையப்பன், ஓய்வு பெற்ற சார்பதிவாளர். பத்திர ஆபீஸ் நாற்காலியில் இருந்த காலத்தில் இந்த ராஜபாளையத்தில் அவர் இல்லாமல் ஒரு விழா நடந்ததில்லை. பேட்மிண்டன் போட்டியா, கண் சிகிச்சை முகாமா, நாய்க் கண்காட்சியா, மேடையில் இவர் இருப்பார். போனவுடன் ஒரு பொன்னாடை. ஜரிகைக்கரை போட்டு, பளபளவென்று, விசிறிக்கொள்ளக்கூட உதவாத ஒரு துணி. அத்தனையையும் மடித்து மடித்து கிழக்கு ரூமில் அடுக்கி வைத்திருக்கிறார். இரண்டு பீரோ, டிரங்குப் பெட்டிகள், கட்டில் மேல் ஜன்னல் உயரத்துக்கு ஒரு மலை.

ஓய்வு பெற்ற பிறகும் மவுசு குறையவில்லை. இன்றைக்கும் ஏதோ வாசகர் வட்ட விழாவாம், காலையில் பையோடு கிளம்பினார். மூன்று மணிக்குத் தோளில் பொன்னாடையோடு திரும்பியவர் நேராக அடுப்படிக்கு வந்து ரசம் சாதத்தை இரண்டு தடவை போட்டுக்கொண்டார்.

"அங்க சாப்பாடு போடலையா?"

"போட்டாங்க. சுமார்."

"போட்டோ?"

"இப்பல்லாம் போட்டோ யாரு எடுக்கா?"

எனக்குத் தெரிந்து இப்போது போட்டோ எடுக்காத ஆளே கிடையாது. வாசகர்கள் கூச்ச சுபாவம் போலிருக்கிறது.

பசி அடங்கிய நேரம் பார்த்து ரூம் விஷயத்தைச் சொன்னேன். குழலி வரட்டும், நல்லா வரட்டும், ஆனால் பொன்னாடைகளில் கைவைக்கக் கூடாது என்றார்.

"அது வெறும் துணி இல்ல நாயகி. ஒவ்வொண்ணும் ஒரு மனுஷனோட மனசு."

"பாலிஎத்திலீன் டெரிப்தாலேட்" என்று பாலியஸ்டரின் முழுப்பெயரைச் சொன்னேன்.

எழுந்து போய்க் கை கழுவினார்.

பிப்ரவரி 6, திங்கள்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் டாக்டரிடம் ஸ்கூட்டர் எங்கே என்று கேட்டாளாம்.

பிப்ரவரி 8, புதன்

சண்டை போட்டு இவரை ஜெயிக்க முடியாது. எந்தப் பொருளுக்கும் ஒரு பயன் உண்டு. அதைக் கண்டுபிடித்துவிட்டால் ரூம் தானாகக் காலியாகும் என்று கணக்குப் போட்டேன்.

கிழக்கு ரூமைத் திறந்தேன். மூலையில் கிடந்த அவருடைய கம்பளிச் சால்வையைப் பூச்சி சல்லடையாக்கியிருந்தது. என் கஞ்சி போட்ட பருத்திச் சேலை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பொன்னாடைகளில் மட்டும் ஒரு கடி இல்லை. கம்பளி என்றால் புரதம், கஞ்சி என்றால் மாவுச்சத்து. பெட்ரோலியத்தில் பிறந்ததில் பூச்சிக்கு என்ன இருக்கிறது? பாலியஸ்டரைப் பூச்சி அரிக்கவே அரிக்காது என்று இவரிடம் விளக்கினேன்.

"பாத்தியா? பூச்சிக்குக்கூட மரியாதை தெரியுது" என்றார்.

வீட்டு வேலைக்கு வரும் அந்தோணியம்மாவிடம் ஒரு பச்சைப் பொன்னாடையைக் கொடுத்துத் தரை துடைக்கச் சொன்னேன். பாதி ஹால் முடியுமுன்னே வாளியோடு வந்து நின்றாள்.

"டீச்சர், இது தண்ணிய உறிஞ்ச மாட்டேங்கு. இங்க கெடக்கறத அங்க தள்ளுது. எங்க வார்டு கவுன்சிலரு மாதிரியே இருக்கு."

பருத்தி என்றால் தன் எடைக்கு மேலேயே தண்ணீரைக் குடிக்கும். எங்கள் ஊர்ப்பக்கம் தறிக்குத் தறி பேண்டேஜ் துணி ஓடுகிறதே, எதற்காக? உலகத்துக் காயங்களையெல்லாம் ஒற்றி எடுக்கத்தான். அப்படிப்பட்ட ஊரில் மனிதனுக்குச் செய்கிற மரியாதை மட்டும் ஒரு சொட்டு வியர்வையை வாங்கிக்கொள்ளாது.

பிப்ரவரி 9, வியாழன்

தலையணை உறையாகப் போட்டுப் படுத்துப் பார்த்தேன். கழுத்தெல்லாம் கசகசவென்று வியர்வை. எழுந்தபோது தலைமுடி நாலா பக்கமும் விறைத்து நின்றது. நிலைமின்சாரம். கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே பயந்தேன்.

"என் பொன்னாடை மேலயா படுத்த?" என்றார் இவர்.

"ஆமா."

"எதும்மா?"

"லாரி உரிமையாளர் சங்கம்."

அவர் மனம் நொந்துபோனது முகத்தில் தெரிந்தது. என் தலையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கியதும் தெரிந்தது.

பிப்ரவரி 11, சனி

குழலிக்குச் சர்க்கரை ஏறிக் கிடப்பதால் தையல் ஆற நாளாகுமாம். இருபத்திரண்டாம் தேதிதான் அனுப்புவார்கள். "ஹோமுக்குச் சொல்லி வச்சிட்டேன்" என்று போனில் சொன்னாள். "அந்த ஹோமுக்கு நான் வேற சொல்லி வைக்கேன்" என்றேன்.

இவர் முடி வெட்டப் போயிருந்த நேரத்தில் முறையான சோதனையை ஆரம்பித்தேன். இத்தனையில் ஒன்றிரண்டாவது பட்டாக இருந்துவிட்டால், ரூம் காலியான பிறகும் கௌரவமாக ஒரு அலமாரியில் வைத்துக்கொள்ளச் சொல்லலாமே. ஒவ்வொரு பொன்னாடையின் மூலையிலும் சின்னதாக ஒரு முக்கோணம் வெட்டி, இடுக்கியில் பிடித்து மெழுகுவர்த்தியில் காட்டினேன். என் கத்தரிக்கோல் நுனி நெளிந்து கிடக்கிறது. வெட்டிய இடத்திலெல்லாம் ஒரே மாதிரி, பல் போல ஒரு சின்ன வெட்டு விழுந்தது. யார் பார்க்கப் போகிறார்கள்?

பருத்தி எரிந்தால் காகிதம் எரிகிற வாடை, சாம்பல் பூப்போல உதிரும். பட்டு எரிந்தால் முடி பொசுங்குகிற நாற்றம். பாலியஸ்டர் எரிவதற்கு முன்னாலேயே தீயைக் கண்டு சுருங்கும், உருகிச் சொட்டும், ஆறினால் கறுப்பாக ஒரு கெட்டி மணி. எனக்கு ஒரு கிண்ணம் நிறைய கறுப்பு மணிதான் கிடைத்தது. ஒன்றே ஒன்று காகித வாடையோடு எரிந்து என்னைக் குதிக்க வைத்தது. நனைத்து இழுத்தேன், சொதசொதவென்று அறுந்துவிட்டது. ரேயான். மரக்கூழில் பிறந்து பட்டு வேஷம் போட்ட ஆசாமி.

ஜரிகையில் உலோகமே கிடையாது, வர்ணம் பூசிய பிளாஸ்டிக் தாள். அதை இவரிடம் சொல்லவில்லை. என்ன இருந்தாலும் வீட்டுக்காரர்.

பிப்ரவரி 12, ஞாயிறு

இவருக்கு இன்று பென்ஷனர் சங்க விழா. மெரூன் நிறத்தில் மயில் கரை போட்ட பொன்னாடையோடு வந்தார். இன்றைக்கும் ரசம் சாதம் இரண்டு தடவை. பென்ஷனர்களும் சரியாகச் சாப்பாடு போடவில்லை போல.

புதுசாக வந்ததையும் சோதித்துவிடலாம் என்று கத்தரிக்கோலோடு மூலையைத் தேடினேன். மூலை இல்லை. சின்னதாக ஒரு முக்கோணம் போயிருந்தது. ஓரத்தில் அதே பல்.

பூச்சி அரித்திருக்கும்.

பிப்ரவரி 13, திங்கள்

பூச்சிதான்.

பிப்ரவரி 14, செவ்வாய்

குழலிக்கு ஆஸ்பத்திரியில் பொழுது போகவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை என்னைக் கூப்பிடுகிறாள்.

"ரூம் என்னாச்சு?"

"ஆயிட்டிருக்கு."

"அக்கா, ஒண்ணு கேக்கேன். அத்தானுக்கு இப்ப யாரு பொன்னாடை போடுதா? சீல் கையவிட்டுப் போன சார்பதிவாளரை எவன் கூப்பிடுவான்?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"ஏன் கூப்பிட மாட்டாங்க? போன ஞாயித்துக்கிழமைகூட போட்டாங்க. மெரூன் கலரு, மயில் கரை. நேர்ல வந்து பாரு. மனுஷனுக்குன்னு ஒரு மதிப்பு இல்லாமலா இத்தனை பேரு கூப்பிடுதாங்க?"

"சரி சரி, கத்தாத. பக்கத்து பெட்டுக்காரம்மா முழிச்சிட்டா."

போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். நானா பேசினேன்? பொன்னாடை விஷயத்தில் எனக்குச் சொந்தமாக ஒரு கணக்கு இருக்கிறது. என் பணி நிறைவு விழாவில் பொன்னாடை போர்த்தியது இவருக்கு! சிறப்பு விருந்தினராம். எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம். இவர் மேடையில் ஆசிரியப் பணியின் மேன்மை பற்றி நீளமாகப் பேசினார், நான் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். பொன்னாடை நீலநிறம், வெள்ளிக்கரை, இரண்டாவது பீரோவில் மேல் தட்டில் இடது ஓரம் இருக்கிறது. அதைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

பிப்ரவரி 16, வியாழன்

பயன்பாடு தேடுகிற வேலை நடக்கிறது. ஒரு பொன்னாடையில் நீளவாக்கில் ஒரு பட்டை கிழித்து, பழைய வேட்டியில் அதே அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்து, இரண்டிலும் வாளியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். வேட்டி அறுந்து வாளி என் கால் கட்டைவிரல் மேல் விழுந்தது. பாலியஸ்டர் அசையவில்லை. விரல் வீங்கியிருக்கிறது. அறிவியலுக்காக என்று இவரிடம் சொன்னேன், ஐஸ் வைத்துவிட்டார்.

பிப்ரவரி 19, ஞாயிறு

குழலிக்கு மாற்றுத் துணி கொண்டுபோகக் காலையில் ரயில் நிலையத்துக்குப் போனேன். இவர் எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார். திருக்குறள் பேரவையாம்.

இரண்டாவது நடைமேடையின் கடைசி பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் பை. தின்று முடித்துக் கையைத் தட்டிவிட்டு, பையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒன்றை எடுத்து, உதறி, மடிப்புக் கலையாமல் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்ப்பதற்கு இவர் மாதிரியே இருந்தார். எங்கள் ஊரில் உயரமானவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

தூண் மறைவிலேயே திரும்பி வெளியே வந்து பஸ் பிடித்தேன். ரயிலில் ஒரே கூட்டமாக இருக்கும், பஸ்தான் வசதி.

சாயங்காலம் ஆரஞ்சுப் பொன்னாடையோடு வந்தார்.

"கூட்டம் எப்படிங்க?" என்று கேட்டேன்.

"நல்ல கூட்டம். வாரதும் போறதுமா இருந்தாங்க."

"மைக்கெல்லாம்?"

"அது விடாம கத்திக்கிட்டே இருந்துச்சு."

ரசத்தோடு இன்றைக்கு அப்பளமும் பொரித்தேன். அவருக்கு அப்பளம் என்றால் உயிர்.

பிப்ரவரி 20, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். குழலிக்கு எங்கள் படுக்கையறை. நாங்கள் ஹாலில் படுத்துக்கொள்கிறோம். கிழக்கு ரூம் அப்படியே இருக்கட்டும்.

சொன்னதும் இவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"உனக்கு முதுகு வலி. ஹால்ல தரையில எப்படிப் படுப்ப?"

"படுப்பேன்."

"இத்தனை நாளா அந்த ரூமுக்காகச் சண்டை போட்ட. இப்ப ஏன் வேண்டாங்குற?"

"உங்க பொன்னாடைக்கு இடம் வேணும்ல. இன்னும் எத்தனையோ வரும்."

நல்ல மனதோடுதான் சொன்னேன். அவர் முகம் ஏன் அப்படி ஆனது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 21, செவ்வாய்

நாளைக்குக் குழலி வருகிறாள். படுக்கையறையை ஒழித்துக்கொண்டிருந்தேன். இவர் கிழக்கு ரூமுக்குள் போய் வெகுநேரமாக வரவில்லை. பிறகு கை நிறையப் பொன்னாடைகளோடு அடுப்படிக்கு வந்தார், கண்ணாடி போட்டிருந்தார். சாதாரணமாக அந்தத் துணிகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க மாட்டார்.

"எல்லாத்துலயும் மூலை வெட்டியிருக்கு. நீயா?"

"ஆமா. சோதனைக்கு."

"எப்ப?"

"நீங்க முடி வெட்டப் போன அன்னைக்கு."

மேலாக இருந்தது அந்த மயில் கரை. அதன் மூலையை விரலால் தடவினார். அவர் பத்திரத்தில் தேதி பார்த்தே வயதானவர். எது முன்னால், எது பின்னால் என்று அவருக்கா தெரியாது?

"அப்போ அன்னைலருந்தே உனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்? பூச்சி அரிச்சிருக்கும்னு நெனச்சேன்."

"பாலியஸ்டரைப் பூச்சி அரிக்காதுன்னு நீதான சொன்ன?"

என் வாழ்க்கையில் நான் நடத்திய பாடத்தை மறக்காமல் திருப்பிச் சொன்ன ஒரே மாணவர் இவர்தான். அதற்கு இந்த நேரமா கிடைத்தது? அடுப்பில் பால் பொங்கியது, அணைக்கக்கூடத் தோன்றவில்லை. அவர்தான் அணைத்தார்.

"ரிடையரான வருஷம் ரெண்டு பேரு கூப்பிட்டாங்க. அதுக்கப்புறம் ஒருத்தனும் கூப்பிடல. அவனுக நாற்காலிக்குப் போட்டிருக்கானுக நாயகி. நான்தான் தோளைக் குடுத்துக்கிட்டு நின்னுருக்கேன்."

"அதுக்காக ஞாயித்துக்கிழமை பூரா ஸ்டேஷன்ல பசியோட உக்காருவீங்களா? வீட்ல இருந்தா என்னவாம்?"

"வீட்ல சும்மா இருந்தா நீ ஒரு மாதிரி பாப்ப."

"என்ன மாதிரி?"

"தண்ணி உறிஞ்சாத துணியப் பாப்பியே. அந்த மாதிரி."

நான் அழுதுவிட்டேன். அந்தோணியம்மா வாசலில் நிற்கிறாள் என்று தெரிந்தும் அழுதேன். கிண்டல் என்று நினைத்துக்கொண்டு நான் பேசிய பேச்செல்லாம் இந்த மனிதருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இவர் மேல் இருக்கிற பிரியத்தை நான் ஒரு நாளாவது வாயைத் திறந்து சொன்னேனா? சொன்னேன், இன்று. என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் அழவிட்டு, பிறகு துணிக் குவியலை மேஜை மேல் வைத்தார்.

"சரி டீச்சர். இது எதுக்குத்தான் ஆகும்? சொல்லு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன். தண்ணீர் குடிக்காது, காற்று விடாது, மக்காது. ஆனால் இழுத்தால் அறாது. கசக்கினாலும் அமுக்கினாலும் திரும்பத் தன் உருவத்துக்கு வந்துவிடும். கடையில் விற்கிற மெத்துமெத்தென்ற தலையணைக்குள் இருப்பதும் பாலியஸ்டர் இழைதான். உடம்பில் படுகிற உறை மட்டும் பருத்தியாக இருக்க வேண்டும். குழலிக்குக் காலைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு திண்டு வேண்டும். கட்டிலின் கால்மாட்டில் கட்டி, அதைப் பிடித்து எழுந்து உட்கார ஒரு கயிறு வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற பெண் சொல்லியிருக்கிறாள்.

அவர் போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தார். முதல் பொன்னாடையை வெட்டுவதற்கு முன் கொஞ்சம் தயங்கினார். பத்தாவதுக்குப் பிறகு சுறுசுறுப்பாகிவிட்டார். வெட்டும்போதே ஒவ்வொன்றும் எந்த விழா, மேடையில் யார் தூங்கினார், யார் மைக்கை விடவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானும் அந்தோணியம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இதையெல்லாம் எனக்கு இதுவரை ஏன் சொல்லவில்லை? நான் கேட்டதில்லை.

பழைய வேட்டிகளை உறையாகத் தைத்து மூன்று திண்டு. கயிறு அவரே பின்னினார், ஆரஞ்சும் மெரூனும் பச்சையுமாக. மீதியை அந்தோணியம்மா மழைக்கு ஆட்டுக்கொட்டகையைச் சுற்றிக் கட்டக் கேட்டாள். நனையாது, மக்காது, ஆடும் தின்னாது. பொருத்தமான பயன்பாடு.

"எத்தனை ஆடு?" என்றார் இவர்.

"ஏழு சார்."

"எல்லாத்துக்கும் என் வணக்கத்தைச் சொல்லு."

நீல நிறம் வெள்ளிக்கரையை வெட்டும்போது மட்டும் நான் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டேன். அதை நானே வெட்டினேன். நல்ல நிம்மதியாக இருந்தது.

பிப்ரவரி 22, புதன்

குழலி வந்துவிட்டாள். காலியாகிவிட்ட கிழக்கு ரூமைத்தான் அவளுக்குக் கொடுத்தோம். அதன் கதவை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்க்கச் சொன்னாள். மூடியது. ஹோமுக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். கால்மாட்டில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தாள்.

"இது என்ன அத்தான், தேர் வடமா?"

"பிடிச்சு இழு, தெரியும்."

இழுத்தாள், எழுந்து உட்கார்ந்தாள்.

மார்ச் 5, ஞாயிறு

இவர் வீட்டிலேயே இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரைக் காய் நறுக்க வைத்தோம். வெண்டைக்காயை அவர் நறுக்கிய லட்சணத்தைப் பார்த்து எனக்குக் கிண்டல் வாய் வரை வந்தது. பாதியைத்தான் சொன்னேன்.

மார்ச் 18, சனி

குழலிக்கு முதுகில் வேர்க்குரு. பெட்ஷீட் கலப்புத் துணி, பாதிக்கு மேல் பாலியஸ்டர். கட்டில் விரிப்பை நான் எப்படிப் பார்க்காமல் விட்டேன்? முழுப் பருத்தியாக மாற்றினேன். "உனக்கு வயசாயிட்டு டீச்சர்" என்றாள்.

ஏப்ரல் 9, ஞாயிறு

நேற்று டாக்டர் காலை ஊன்றலாம் என்று சொல்லிவிட்டார். இன்று காலை பத்து மணிக்கு முகூர்த்தம் என்று குழலியே அறிவித்தாள். வாக்கரைக் கட்டில் பக்கத்தில் வைத்தோம். பயம் அவளுக்கு இல்லை, எனக்குத்தான். மறுபடியும் விழுந்துவிட்டால்? பிளேட் பெயர்ந்துவிட்டால்? உள்ளங்கை வியர்த்து வியர்த்துச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றேன்.

கயிற்றைப் பிடித்து எழுந்தாள். காலைக் கீழே இறக்கினாள். வாக்கருக்குக் கை மாற்றினாள். முகம் வெளுத்துவிட்டது, உதட்டைக் கடித்தாள். பிறகு நின்றாள். என் தங்கை தன் சொந்தக் காலில் நின்றாள்.

அந்தோணியம்மா "மாதாவே" என்றாள். இவர் திடீரென்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"இந்த இனிய விழாவுக்கு வருகை தந்திருக்கும் அனைவருக்கும் என் பணிவான மாலை வணக்கம்."

"காலை பத்து மணி அத்தான்" என்றாள் குழலி, நின்றபடியே.

"காலை வணக்கம். தபால் துறையின் தூண், எதற்கும் வளையாதவர், ஸ்கூட்டரில் போனால் காற்றே ஒதுங்கி வழிவிடும், அப்படிப்பட்ட எங்கள் குழல்வாய்மொழி அவர்கள்..."

குரல் சட்டென்று உடைந்தது. இத்தனை மேடையில் பேசிய மனிதர், ஒரு ரூமுக்குள் மூன்று பேருக்கு முன்னால் திணறி நின்றார்.

"விழுந்துட்டாளேன்னு... நாங்க ரெண்டு பேரும் எவ்வளவு பயந்தோம் தெரியுமா?" என்றார்.

குழலியின் கண்ணும் கலங்கிவிட்டது. அவள் அதையெல்லாம் காட்டிக்கொள்கிற ஆளா?

"பேச்செல்லாம் சரி. பொன்னாடை எங்க?"

இவர் விழித்தார். அலமாரியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டில் ஒன்றுகூடப் பாக்கியில்லை, எல்லாம் திண்டுக்குள்ளும் ஆட்டுக்கொட்டகையிலும் இருக்கிறது. பிறகு தன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வெண்டைக்காய் நறுக்கும்போது கை துடைத்த பருத்தித் துண்டு. அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, மேடையில் செய்கிற அதே முறையோடு அவள் தோளில் போர்த்தினார்.

அவள் ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துண்டு நுனியை எடுத்து நெற்றியிலும் கழுத்திலும் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

நான்தான் முதலில் கை தட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து இவர் பேசிய எந்தக் கூட்டத்திலும் நான் கை தட்டியதில்லை. இவர் என் பக்கம் திரும்பி, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி கும்பிட்டார். நிறுத்த மனமில்லாமல் தட்டிக்கொண்டே இருந்தேன்.